கண்ணுக்கு ஓர் அருவி, காதுக்கு ஓர் அருவி



தரம் பத்து மாணவருக்கு ஒரு நாள் குறிஞ்சித் திணையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடையிலே, "அருவி என்றால் என்ன?" என்று கேட்டேன். முன்வாங்கில் இருந்தவன், "நீர்வீழ்ச்சி, சேர்" என்றான். பின்வாங்கில் இருந்தவன் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன். அவன் எழுந்து, "நெல்லு வெட்டுறது, சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் மனைவியும் யாழ்ப்பாணத்தவர். அவருடைய ஊரில் நெல் அறுவடையை 'அருவி வெட்டு' என்றே சொல்வார்கள். அரிதல் என்னும் வினையிலிருந்து பிறந்த 'அரிவி' பேச்சிலே 'அருவி' ஆயிற்று எனக் கொள்ளலாம். இன்னும் ஒன்று உண்டு. அநுராதபுரத்தைத் தொட்டு மன்னார்க் கடலில் சேருகின்ற மல்வத்து ஓயாவைத் தமிழர் 'அருவி ஆறு' என்பர். அது சமநிலத்தில் ஓடும் ஆறு.

ஆக, ஒரே ஒலிக்கு இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே மூன்று பொருள். இவற்றுள் கபிலர் கண்ட அருவி எது? மலையிலிருந்து விழுவதுதான் என்று ஒரு வரியிலே சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு அருவி பார்க்கப் போய் வந்த நினைவு அப்பொழுது எனக்குள் ஆறாமல் இருந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்து ஆறு

நாங்கள் குடியிருப்பது கண்டிக்குக் கிழக்கே குண்டசாலையில். மகாவலி கங்கை கண்டி நகரைச் சுற்றி வளைந்து, பொல்கொல்லை அணையைக் கடந்து எங்கள் பக்கம் வருகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய அந்த அணை ஆற்று நீரில் ஒரு பகுதியைச் சுரங்க வழியாக வடக்கே அனுப்பிவிடும். எஞ்சிய நீர் குண்டசாலையைத் தாண்டி விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகும்.

குண்டசாலை பழைய அரசிருக்கை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அவன் மணந்தது மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலப் பெண்ணை. அவனுக்குப் பின் அந்தக் குலத்தாரே கண்டியின் அரியணை ஏறினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏறத்தாழ அதே காலத்திலேதான் மதுரை நாயக்கர் ஒருவர், குற்றாலத்து அருவியையும் மலையையும் குறவஞ்சி நாடகமாகப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் பரிசளித்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். அருவியைப் பாடியவருக்கு மண் கிடைத்த காலம் அது. அருவிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு துண்டு மண் கிடைக்காத மக்களின் கதை, நான் சொல்லப் போகும் கதை.

என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. தலவாக்கலைக்கு அப்பால், சென்கிளேயர் அருவியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவர். மணமாகிக் கண்டிப் பக்கம் வந்தபின் அந்தத் தோட்டத்துக்கு அவர் போனது சில தடவைகள்தான். அவருடைய அண்ணன் 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டதல்லவா? அந்தக் கணக்கிலே அண்ணன் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமும் ஆனார்கள். மாமா நீலகிரியில் கோத்தகிரிக்குப் போய் அங்கும் கொழுந்துத் தோட்டத்திலேயே வேலை செய்தார். அவர் எழுதிய கடிதங்களில் நலம் விசாரித்து முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: "அருவி இரையுதா?" கோத்தகிரிக்குப் பக்கத்திலும் கேத்தரின் அருவி என்று ஒன்று இருப்பதாகவும், ஆனால் அது நம்முடையது போல இரையவில்லை என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமா காலமானார். அதன் பிறகுதான் அம்மா, "தம்பி, ஒரு தடவை அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வந்துடணும்" என்று சொல்லத் தொடங்கினார்.

கவனியுங்கள், நேயர்களே. அவர் 'பார்த்துட்டு' என்று சொல்லவில்லை.

மலையின் மூன்று படிகள்

ஒரு வானை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். அம்மா, மனைவி, மகள், மகன், நான். பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாக இறம்பொடை ஏறினோம். இறம்பொடை அருவியின் உயரம் 109 மீற்றர். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். எதிரே மலையில் சின்மயா மிஷன் அமைத்த பக்த அனுமன் கோயில். வண்டியை நிறுத்தியதும் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு ஓடினார்கள்.

"ஏனப்பா இந்தப் பக்கம் மட்டும் இத்தனை நீர்வீழ்ச்சி? அம்மாவின் ஊரில் ஒன்றுகூட இல்லையே?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக அமைந்தது என்பது புவியியலாளர் கூறும் விளக்கம். கடலோரத்துச் சமநிலம் முதற்படி. இடையிலே ஒரு மேட்டுநிலம் இரண்டாம் படி. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் இருப்பது மூன்றாம் படி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் விளிம்புகள் செங்குத்தானவை. பாறையோ மிகப் பழைமையானது, கடினமானது, எளிதில் கரையாதது. ஆகவே ஆறு பாறையை அறுத்துச் சரிவாக்கிக்கொண்டு ஓட முடியாமல், விளிம்பிலிருந்து குதிக்கிறது. அப்படிக் குதிக்கின்ற இடந்தான் அருவி. நாட்டிலேயே உயரமான பம்பரகந்தை, 263 மீற்றர், தென்புற விளிம்பிலே இருப்பதும் இதனாலேதான்.

மழையும் இரண்டு பங்காக வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கும். மார்கழி, தை மாதங்களின் வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவுகளுக்கு உரியது. ஓகஸ்டில் இறம்பொடையும் தலவாக்கலையும் நிறைந்திருக்க வேண்டும். பதுளையின் துன்ஹிந்தவைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆண்டு முடிவின் மழைக்குப் பின் போவது நல்லது. சிங்களத்தில் அருவிக்கு 'எல்ல' என்பது பெயர். ஊருக்கே அந்தப் பெயர் அமைந்த இடமும் உண்டு.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் வேறு வான்களும் வந்து நின்றன. இறங்கினார்கள், அருவிக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தார்கள், ஏறினார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் நிற்கவில்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

பழந்தமிழர் கேட்ட அருவி

இந்த இடத்தில் இலக்கியத்துக்கு வருகிறேன். சங்கப் புலவர்கள் அருவியைக் கண்ணாலும் கண்டார்கள். மலையில் தொங்கும் வெள்ளைத் துணி என்று உவமித்தவர்கள் உண்டு. திருமுருகாற்றுப்படையின் முடிவில் நக்கீரர் பழமுதிர்சோலை அருவியைக் காட்டும்போது, துகிற்கொடிகள் அசைவது போல அது இறங்குகிறது. தேனடையைச் சிதைக்கிறது. பலாச்சுளையைச் சுமக்கிறது. வாழையையும் மிளகுக் கொத்தையும் சாய்க்கிறது. குரங்கை நடுங்க வைக்கிறது. மயிலை வெருட்டுகிறது. ஒரு மலையின் வாழ்வு முழுவதையும் வாரிக்கொண்டு வருகின்ற அருவி அது.

ஆனால் காதால் கேட்ட அருவியே நம் முன்னோரின் மனத்தில் ஆழ இறங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் என்னும் நூலின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதநீராகவும் கண்டு வைத்த பெயர் அது. பெருங்கௌசிகனார் அந்த ஓசைகளை அடுக்கும்போது அருவியின் ஒலியும் அதிலே வந்து கலக்கிறது. அகநானூற்றில் கபிலர் பாடிய ஒரு பாட்டிலே, வண்டு துளைத்த மூங்கிலில் மேல்காற்றுப் புகுந்து குழலாகிறது. அருவி முழவாகிறது. மான் கூட்டத்தின் குரலும் வண்டின் ரீங்காரமும் வேறு இரண்டு இசைக் கருவிகளாகின்றன. மயில் ஆடுகிறது. மந்திகள் அவையாக இருந்து வியக்கின்றன. இந்த அரங்கில் அருவிக்குக் கொடுக்கப்பட்ட இடம் தாளக்காரனின் இடம். தாளம் நின்றால் ஆட்டம் நின்றுவிடும்.

'நீர்வீழ்ச்சி' என்பது பிற்காலத்து ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ஆக்கிய சொல். பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. நம் பாடநூலிலும் பெயர்ப்பலகையிலும் அது நிலைத்துவிட்டது. ஆனால் நீர் விழுகிறது என்னும் செய்தியை மட்டுமே அது தெரிவிக்கிறது. தோட்டத்து மக்களின் பேச்சில் இன்னொரு சொல் உண்டு: பீலி. மலையூற்றைக் குழாயிலோ மூங்கிலிலோ இறக்கி, குளிக்கவும் குடிக்கவும் வைத்துக்கொண்ட சின்னஞ்சிறிய அருவிதான் பீலி. மலையகக் கதைகளில் பீலிக்கரை வராத கதை குறைவு. அம்மா பெரிய அருவியைக் காதால் அறிந்தார், பீலியைக் கையால் அறிந்தார்.

சென்கிளேயரில்

நுவரெலியாவைத் தாண்டி, நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கினோம். மலையக இலக்கியத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. 'தேயிலைத் தோட்டத்திலே' என்று சக்தீ பாலையா தமிழில் தந்த கவிதையை ஆங்கிலத்தில் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்திலே பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அடுத்த ஆண்டிலே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. கோகிலம் சுப்பையா தமது நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயர் வைத்தாரே, அதன் பொருள் இந்தப் பாதையில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பவருக்கு விளங்கும். தூரத்தில் பச்சை, கிட்டப் போனால் லயம்.

சென்கிளேயர் அருவி தெரியும் வளைவில் வண்டியை நிறுத்தினோம். கொத்மலை ஓயா குதிக்கும் இடம் அது. உயரம் 80 மீற்றர்தான் என்றாலும் அகலத்தால் பெயர்பெற்றது. அதனால் 'இலங்கையின் சின்ன நயாகரா' என்றும் சொல்வதுண்டு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்துக்கு வந்தார். மனைவி, "மாமி, குளிருது, சால்வையைப் போடுங்கோ" என்று போர்த்திவிட்டார். அம்மா சால்வையைக் காதுக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். வெகுநேரம் நின்றார். பாறையில் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஓடிய லொறியின் சத்தம் அதை மூடிவிடப் போதுமானதாக இருந்தது.

"என்னப்பா, சத்தமே இல்ல?" என்றார் அம்மா.

தமக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "வயசாயிடுச்சு" என்றார். மகள்தான், "இல்ல அப்பாயி, எனக்கும் கேக்கல" என்றாள். வீதியோரம் சோளம் அவித்து விற்ற பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அணை கட்டினப்புறம் இப்படித்தான் அம்மா. பகல்ல கொஞ்சம் விடுவாங்க. ராவைக்கு அதுவும் இல்ல" என்றார்.

மேல் கொத்மலை

விடயம் இதுதான். தலவாக்கலையில், அருவிக்கு மேலே, கொத்மலை ஓயாவை மறித்து மேல் கொத்மலை அணை கட்டப்பட்டது. அங்கே எடுக்கப்படும் நீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில் ஓடி, நிலத்தடி மின்நிலையத்தில் 150 மெகாவாற்று மின்சாரத்தைத் தந்துவிட்டு மீண்டும் ஆற்றில் சேர்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறிய இந்தத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அருவிகள் வற்றிப்போகும் என்று 1990களில் சூழல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். முதலில் வகுத்த திட்டம் வேறு சில அருவிகளின் ஓடைகளையும் சேர்த்து எடுக்க எண்ணியிருந்தது. எதிர்ப்பின் பயனாக அந்த ஓடைகள் விடப்பட்டன. சென்கிளேயருக்கோ, பகல் வேளையில் குறித்த அளவு நீரைத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்பட்டது.

விடிந்தால் வேலைக்கு வந்து, பொழுது சாய்ந்தால் ஓய்கின்ற அருவி. பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்தது போல. இதை நான் சொன்னபோது அம்மா சிரித்தார்.

உலகத்தில் இது புதுமையும் அல்ல. உண்மையான நயாகராவிலும் இப்படித்தான். 1950இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உல்லாசப் பயணிகள் வரும் பருவத்தில் பகலிலே வினாடிக்கு 100,000 கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர் காலத்திலும் அதில் பாதி போதும். மீதி மின்சாரத்துக்கு. இந்தியாவில் காவிரியின் சிவசமுத்திர அருவி 1902இலேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918இலேயே மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கியபோதுதான் அந்தக் கனவு பலித்தது.

ஆகவே மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. என் மாணவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். குப்பி விளக்கிலே வளர்ந்த அம்மாவே, "லயத்துப் புள்ளைக லைட்ல படிச்சா நல்லதுதானே" என்றார். என் குறை வேறு. அருவியை விட்டுக்கொடுப்பதா, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று பேசியபோது, அது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பகலில் நீர் விட்டால் பயணிக்குப் போதும். பயணி இரவில் வரமாட்டான். இரவிலே அந்த அருவியோடு இருந்தவர்கள் லயத்து மக்கள். அம்மா சொல்வார், நடுச்சாமத்தில் இரைச்சல் திடீரென்று கூடினால் மேல்மலையில் மழை என்று அறிந்துகொள்வார்களாம். இரைச்சல் குறைந்தால், வெயில் காலம் வருகிறது, கொழுந்து குறையும், பேர் குறையும் என்று கவலைப்படுவார்களாம். அது அவர்களுக்குத் தாலாட்டாகவும் கடிகாரமாகவும் வானிலை அறிக்கையாகவும் இருந்தது. அந்த ஒலிக்கு நிபந்தனைப் பத்திரத்தில் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தபின்

அங்கிருந்து சற்றுத் தொலைவில் டெவோன் அருவி, 97 மீற்றர். பழைய கோப்பித் தோட்டத்துரை ஒருவரின் பெயர் அதற்கு. அதன் நீர் எடுபடவில்லை. அது நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அம்மா வண்டியிலிருந்தே பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார். இறங்கவில்லை. ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக இருட்டிய பின் குண்டசாலைக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மாலை அம்மாவை மகாவலிக் கரைக்கு அழைத்துப் போனேன். கொத்மலை ஓயாவின் நீர் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு வந்து, மகாவலியில் கலந்து, கம்பளையையும் பேராதனையையும் கடந்து இந்தப் பக்கம் வருவதைச் சொன்னேன். அருவியில் விழுந்த நீரும் இங்கேதான் வரும், சுரங்கத்தில் போன நீரும் இங்கேதான் வரும்.

"அப்ப தண்ணி வந்துடுது" என்றார் அம்மா. "சத்தந்தான் வழியிலே எங்கேயோ நின்னுடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "அண்ணன் இருந்திருந்தா என்னன்னு எழுதுறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கதையை இவ்வளவில் நிறுத்தினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. யாழ்ப்பாணத்து மாணவன் கையை உயர்த்தி, "சேர், அப்ப கபிலர் இப்ப வந்தா அந்தப் பாட்டில முழவு இருக்காதே?" என்றான். அன்றைக்கு அந்த வகுப்பிலே குறிஞ்சியை நன்கு விளங்கிக்கொண்டவன் அவன்தான்.

நேயர்களே, அடுத்த விடுமுறையில் நீங்களும் மலைப்பக்கம் போவீர்கள். பருவம் பார்த்துப் போங்கள். பாறை வழுக்கும், குளிக்க இறங்குமுன் அவ்வூரவரைக் கேளுங்கள். படமும் எடுங்கள். பிறகு வண்டியின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதை வீட்டிலே முதியவர் எவரேனும் இருந்தால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒருவேளை அவருக்கும் யாரோ ஒருவருக்கு எழுத வேண்டிய பதில் பாக்கியிருக்கும்.